பாணி மருந்தும் ஐந்து முனை நட்சத்திரமும்

தாளையும் பேனையையும் கொடுத்து, ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று கீறச் சொன்னேன். வெள்ளவத்தையில் கடை நடத்தும் ஐயா அவர். நாள் முழுக்கக் கணக்கு எழுதிப் பழகிய கை. ஆனால் கோடுகள் ஒன்றோடொன்று சேரவேயில்லை. கைகளை நீட்டி மணிக்கட்டை உயர்த்தச் சொன்னால், இரண்டும் விழுந்து விழுந்து எழும்பின. “பகல் முழுக்க நித்திரை, இரவில எழும்பியிருந்து ஏதோ கதைக்கிறார் டொக்டர்” என்றார் மனைவி. பாரிசவாதமோ என்று பயந்து கூட்டி வந்திருந்தார்கள். அவருக்கு ஈரல் சுருக்கம் இருப்பது ஏற்கெனவே தெரியும். விசாரித்ததில், ஐந்து நாளாக மலம் போகவில்லை.

குடலில் வாழும் பாக்டீரியாக்கள் புரதத்தை உடைக்கும்போது அமோனியா உண்டாகிறது. நல்ல ஈரல் அதை யூரியாவாக்கி, சிறுநீரோடு போக விட்டுவிடும். சுருங்கிய ஈரலால் அது முடியாது. மலமும் போகாமல் தங்கினால் அமோனியா இன்னும் கூடி, இரத்தத்தோடு மூளைக்கு ஏறிப் புத்தியைத் தடுமாற வைத்துவிடும். இதற்கு நாங்கள் கொடுப்பது லாக்டுலோஸ் என்ற இனிப்புப் பாணி. நம் உடம்புக்குச் செரிக்காத ஒரு சர்க்கரை அது. பாக்டீரியாக்கள் அதைத் தின்று அமிலம் விடுகின்றன. அந்த அமிலத்தில் அமோனியா இரத்தத்துக்குள் போகமுடியாமல் சிக்கி, மலத்தோடு வெளியேறுகிறது. மூன்றாம் நாள் ஐயா கீறிய நட்சத்திரத்தில் ஐந்து முனைகளும் இருந்தன. மூளைக்கென்று ஒரு மருந்தும் கொடுக்கவில்லை.

சாப்பாட்டுக்கும் தலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். ஒரு விஷயம் மட்டும்: வயதானவருக்குத் திடீரென்று புத்தி தடுமாறினால் வீட்டில் பாணி கொடுத்துப் பார்க்காதீர்கள், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

சரி, ஈரல் நன்றாக இருக்கும் நமக்கு? போன மாதம் ஒரு பிள்ளை வந்தாள், கோட்டையில் வேலை. மனம் சோர்ந்தே கிடக்கிறது, எந்த புரோபயோடிக் குளிசை, அதாவது நல்ல பாக்டீரியாக்கள் உள்ள குளிசை, வாங்கலாம் என்று கேட்டாள். மனநிலையோடு தொடர்புடைய இரசாயனமான செரொடோனினில் பெரும்பகுதி, ஏறத்தாழ 90 சதவீதம், குடலில்தான் உண்டாகிறது என்று எங்கோ வாசித்திருக்கிறாள். அது உண்மைதான். ஆனால் அந்தச் செரொடோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் போவதில்லை. குடல் மூளையோடு பேசுவது வேறு வழிகளில். மூளையிலிருந்து வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பு ஒரு வழி. அதிலுள்ள இழைகளில் பெரும்பாலானவை கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகின்றன. நார்ச்சத்தைப் புளிக்க வைத்துப் பாக்டீரியாக்கள் தரும் பியூட்டிரேட் போன்ற கொழுப்பமிலங்கள் இன்னொரு வழி. பெருங்குடற்சுவரின் உயிரணுக்களுக்குப் பியூட்டிரேட்தான் முக்கிய உணவு. சுவர் பலமாக இருந்தால் உடம்பில் அழற்சி குறையும்.

நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். காலையில் பாணும் பட்டரும், மத்தியானம் ரோல்ஸ் இரண்டு, இரவு கொத்து. பாக்டீரியாக்களுக்கு என்று அதில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. குளிசையில் புதுப் பாக்டீரியாக்களை அனுப்பினாலும் அவை எதைத் தின்னும்?

2017இல் அவுஸ்திரேலியாவில் வெளிவந்த ஓர் ஆய்வில், மனச்சோர்வுள்ள 67 பேரில் ஒரு பாதியினருக்கு மரக்கறி, பருப்பு, முழுத்தானியம் நிறைந்த சாப்பாட்டுக்கு வழிகாட்டினார்கள். மற்றவர்களோடு நட்பாகப் பேசிப் பழகினார்கள். 12 வாரத்தில் முதல் கூட்டத்தில் 32 சதவீதத்தினருக்கும் மற்றதில் 8 சதவீதத்தினருக்கும் நோய் தணிந்திருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அந்தச் சாப்பாட்டுக்கு இணையானது அம்மம்மாவின் அடுப்படியில் இருந்தது: தவிட்டோடு சிவப்பரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, வல்லாரைச் சம்பல், அவித்த கௌபி. ஆறிய சோற்றில் செரிக்காத மாச்சத்து கூடும். அதனால் பழஞ்சோறும் பாக்டீரியாக்களுக்கு நல்ல தீனி.

அவளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: இரவில் ஒரு கைப்பிடி கௌபியோ கடலையோ ஊறப்போடு, காலையில் அவித்து டப்பாவில் எடுத்துப் போ. முதல் வாரம் இரண்டு கரண்டி போதும். எடுத்த எடுப்பில் நிறையச் சாப்பிட்டால் வயிறு ஊதும், வெறுத்து விட்டுவிடுவாய்.

அப்புறம், மனச்சோர்வுக்கு அவள் போடும் குளிசையை விட்டுவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்த ஆய்விலும் பெரும்பாலானவர்கள் தங்கள் சிகிச்சையோடுதான் சாப்பாட்டை மாற்றினார்கள். குளிசையைக் குறைப்பதென்றால் அதை எழுதித் தந்த வைத்தியரோடு பேசி, படிப்படியாகத்தான்.