வான் பாயும் இடத்தில் இறங்கும் முன்

வன்னியில் குளத்து நீரில் நீந்தப் பழகிய நான், பல ஆண்டுகளாகக் கித்துல்கலவில், களனி கங்கை பாறைகளுக்கிடையே நுரைத்து ஓடும் பகுதியில், துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகான கயாக் பயிற்றுவித்து வருகின்றேன். விடுமுறைக் காலங்களில் கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வரும் இளைஞர்கள், தலைக்கவசத்தைக் கையில் வாங்கும்போதே, "அண்ணை, பயப்பிடாதேங்கோ, நான் முத்தையன்கட்டிலை நீந்தினனான்" என்பார்கள். அவர்கள் நன்றாக நீந்துவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குளத்தில் கற்றது நிற்கும் நீரின் பழக்கம். ஓடும் நீரில் அந்தப் பழக்கமே ஆளை ஆபத்தில் விடக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஒருவரின் கயாக் கவிழ்ந்தது. இடுப்பை மூடியிருந்த நீர்த்தடுப்புத் துணியை இழுத்து, பயிற்சியில் சொன்னபடியே அவர் வெளியே வந்துவிட்டார். தண்ணீர் மார்பளவுதான். காலில் நிலம் பட்டதும், குளத்தில் செய்வதுபோல எழுந்து நின்றார். அந்தக் கணத்தில் பாதம் இரண்டு கற்களுக்கிடையே இறங்கிச் சிக்கியது. முதுகில் மோதிய ஓட்டம் அவரை முகங்குப்புற அமுக்கியது. நாங்கள் ஆற்றுக்குக் குறுக்கே கயிற்றை இழுத்து, அவருடைய மார்புக்குக் கீழே தாங்கிப் பிடித்து, தலையை நீருக்கு மேல் வைத்திருந்தபடியால்தான் பாதத்தை விடுவிக்க நேரம் கிடைத்தது.

ஒரு கன மீற்றர் நீர் 1000 கிலோ எடையுள்ளது. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவே முழங்காலுக்கு மேல் ஓடும் நீரில் விழுந்தவர் எழுந்து நிற்க முயலக்கூடாது. மல்லாந்து, கால்களை ஓட்டம் செல்லும் திசைக்கு நீட்டி, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி மிதந்து, ஓட்டம் தணியும் இடத்தில் கரையை நோக்கிச் சாய்வாக நீந்த வேண்டும்.

மாரியில் வன்னியின் கனகராயன் ஆற்றில் கயாக் விடலாமா என்று என்னிடம் பலர் கேட்கின்றனர். ஆற்று ஓட்டங்களின் கடினத்தைச் சர்வதேச அளவுகோல் 1 முதல் 6 வரை வகுக்கின்றது. கித்துல்கலவில் நாங்கள் இறங்குவது பெரும்பாலும் 2, 3 ஆம் தரங்களில். கனகராயன் ஆற்றில் அத்தகைய பாறை இடுக்குகள் இல்லையென்பதால் அது எளிதென்று எண்ணுவது பெரும் பிழை. வெள்ளத்தில் ஆறு கரையை மீறி மருத மரங்களுக்கிடையே பாய்கின்றது. கிளைகளும் வேர்களும் வடிதட்டுப்போல நீரை விட்டுவிட்டு, படகையும் ஆளையும் பிடித்துக்கொள்ளும். கல்லில் மோதிய நீர் பக்கவாட்டில் விலகுவதால் படகும் அதனோடு விலகக்கூடும். மரக்கிளைக்குள் நீர் ஊடுருவிச் செல்வதால் அந்த விலகல் கிடைப்பதில்லை. ஆதலால் என் பதில், வேண்டாம் என்பதே.

அதைவிட நான் அஞ்சுவது, குளம் நிரம்பியதும் மேலதிக நீர் வழிந்து விழும் வான்கட்டுக்களை. குளம் வான் பாய்கின்றது என்றதும் குடும்பமாகப் பார்க்கப் போவது நம் ஊர்களின் மகிழ்ச்சிகளில் ஒன்று. அதைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கட்டின் மேலால் விழும் நீர் அடிவரை இறங்கி, சற்று அப்பால் மேலெழும்போது, மேற்பரப்பில் ஒரு பகுதி கட்டை நோக்கியே திரும்பி வருகின்றது. அதில் அகப்பட்டவரை அது மீண்டும் விழும் நீருக்கடியில் கொண்டுபோகும். நுரையில் காற்று கலந்திருப்பதால் அந்த நீர் உடலைச் சரியாகத் தாங்காது. உயிர்காப்பு அங்கியின் பயனும் குறையும். ஆற்றுப் பாறையின் கீழும் இத்தகைய சுழற்சி உண்டு, ஆனால் பாறை ஒழுங்கற்றது, அதனால் எங்கேயாவது ஒரு பக்கத்தில் வெளியேற வழி இருக்கும். மனிதன் நேராகக் கட்டிய சுவரின் கீழ், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுழற்சி ஒரே சீராக இருக்கும். நீர் குறைந்த நாளில் பிள்ளைகள் கால் நனைத்த இடமே நான்கு மணி நேர மழைக்குப் பின் இப்படி மாறலாம். தேர்ந்த கயாக் ஓட்டிகளும் இத்தகைய கட்டுக்களில் இறந்திருக்கின்றார்கள். நான் என் மாணவர்களுக்கு அங்கே படகைத் தோளில் தூக்கிக் கரையால் நடக்கவே கற்பிக்கின்றேன்.

வெள்ளம் மூடிய வீதிகளையும் இதே கண்ணோடு பாருங்கள். 2024 நவம்பரில் அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில், மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதில் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். பெரிய சக்கரம் தரும் நம்பிக்கை வன்னியிலும் அதே அளவில் உண்டு. ஆனால் பின்னால் உள்ள பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளும் நீருக்குச் சக்கரத்தின் உயரம் ஒரு பொருட்டல்ல, மதகின் ஓரமும் கலங்கலில் தெரியாது.

ஒருவர் விழுந்துவிட்டால், தயவுசெய்து பின்னாலேயே குதிக்காதீர்கள். முதலில் தடியை நீட்டுங்கள். எட்டாவிட்டால் கயிறு எறியுங்கள். நாங்கள் பயன்படுத்தும் எறிகயிற்றுப் பையிலுள்ள கயிறு ஏறக்குறைய 20 மீற்றர் நீளமானது. அது உங்களிடம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஐந்து லீற்றர் பிளாஸ்ரிக் கானில் கையளவு தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, கைபிடியில் நைலோன் கயிற்றைக் கட்டினால், அது தூரம் போகும், மிதக்கவும் செய்யும். அவருக்குச் சற்று அப்பால், தோளுக்கு மேலாக விழும்படி எறியுங்கள். கயிற்றின் மறுமுனையை இடுப்பிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளாமல், இழுவை தாங்க முடியாதபோது விட்டுவிடக்கூடியவாறு, கையால் மட்டும் பிடியுங்கள். மாரி தொடங்குமுன் அந்தக் கானைக் கட்டி, வான்கட்டுக்கு அருகிலுள்ள வீட்டில் வைத்து, வெறும் வயலில் பத்துத் தடவை எறிந்து பழகுங்கள்.