நார் இல்லாத பூச்சரம்: போர் விமானத்தில் தோட்டா ஏறும் விதம்

திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டி போகும் வழியில் கயத்தாறு வரும். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்றுதான் பலருக்கும் தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்றும் அங்கே இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலத்து விமானிகளைவிட, இறக்கை ஓரம் நின்று தோட்டா ஏற்றிய ஆட்களைப் பற்றித்தான் யோசனை ஓடும்.

அன்றைக்குத் தோட்டாக்கள் சரமாக இருந்தன. வாழைநாரில் பிச்சிப்பூ கட்டுகிற மாதிரி, ஒவ்வொரு தோட்டாவையும் அடுத்ததோடு ஒரு சின்ன உலோகக் கொக்கி பிணைத்திருக்கும். அந்தச் சரத்தைப் பெட்டியில் கையால் மடித்து மடித்து அடுக்குவார்கள். சுடும்போது துப்பாக்கியே சரத்தை இழுத்துக்கொள்ளும். இன்றும் பல விமானங்களில் இந்த முறைதான்.

வேகம் கூடியபோதுதான் சிக்கல் வந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் செய்த வல்கன் துப்பாக்கிக்கு 6 குழல்கள். நிமிடத்துக்கு 6,000 தோட்டாக்கள் சுடும், அதாவது விநாடிக்கு 100. அந்த வெட்டி இழுப்பில் சரம் சிக்கிக்கொள்ளும். கழன்று பறக்கும் கொக்கிகள் விமானத்தையே பதம் பார்த்துவிடும். அதனால் நாரையே எடுத்துவிட்டார்கள். பூ மட்டும் போதும், கோத்து நகர்த்தும் வேலையை இயந்திரம் பார்க்கட்டும் என்ற முடிவு.

எப்படி நகர்த்துவது? இங்கேதான் எனக்கு எங்கள் ஊர் அரிசி மில் ஞாபகம் வரும். நீளமான தொட்டிக்குள் ஒரு திருகு சுழலும், தவிடு அதன் புரியில் ஏறி மெதுவாக அடுத்த முனைக்கு நகரும். வல்கன் பொருத்திய எஃப்-16 போர் விமானத்தில், விமானிக்குப் பின்னால் தோட்டா அடுக்கியிருக்கும் உருளைக்குள்ளும் வேலை செய்வது இப்படி ஒரு திருகுதான். உருளையின் உட்சுவரில் நீளவாக்கில் தடங்கள் உண்டு. தோட்டாவின் அடிப்பாகம் அந்தத் தடத்தில் மாட்டியிருக்கும், முனை மையத்தை நோக்கி இருக்கும். தேர்ச்சக்கரத்தின் ஆரக்கால்கள்போல வட்டம் வட்டமாக நிற்கும். நடுவில் இருக்கும் திருகின் புரிகளுக்கு இடையே முனைகள் அகப்பட்டிருப்பதால், திருகு சுற்றச் சுற்ற எல்லா வரிசைகளும் ஒன்றாக முன்னேறும். உருளை முடியும் இடத்தில் இயந்திரம் தோட்டாவை ஒவ்வொன்றாக வாங்கி, சங்கிலித் தொட்டில்களில் வைத்துத் துப்பாக்கிக்கு அனுப்பிவிடும். வெடித்த காலிக் கூடுகள் வேறு வழியாகத் திரும்பி உருளையின் பின்பக்கம் சேரும். முன்னால் ஆள் இறங்க இறங்கப் பின்னால் இடம் விழுகிற பஸ் மாதிரி. இந்த உருளை கொள்வது 511 தோட்டாக்கள். சுட ஆரம்பித்தால் ஐந்து விநாடிச் சரக்கு.

சரி, தீர்ந்த உருளையை எப்படி நிரப்புவது? அதற்குத்தான் தனி வண்டி. பெரிய உதாரணம் ஏ-10 விமானம். அதன் 7 குழல் துப்பாக்கிக்கு 30 மில்லிமீட்டர் தோட்டா. ஒன்று கிட்டத்தட்ட ஒரு சாண், மூன்று விரல்கடை நீளம். உருளை 1,174 தோட்டாக்கள் வரை கொள்ளும். அதை நிரப்பும் வண்டிக்கு டிராகன் என்று பட்டப்பெயர். வண்டியின் சங்கிலிப் பாதையை விமானத்தின் பாதையோடு இணைத்து ஓட்டினால், புதுத் தோட்டா உள்ளே போகப் போகக் காலிக் கூடு வெளியே வரும். இறக்குவதற்கு ஒரு தரம், ஏற்றுவதற்கு ஒரு தரம் என்று இரட்டை வேலை இல்லை. இந்த ஏற்பாட்டின் அழகே இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இரண்டு பாதைகளும் சேரும் இடத்தில் பற்சக்கரங்கள் அச்சுப் பிசகாமல் பொருந்த வேண்டும். தொட்டில் வரும் நேரத்தில் சரியாக வந்து சேரவில்லை என்றால் தோட்டா நசுங்கும், பாதை அடைத்துக்கொள்ளும். எங்கள் மில்லில் ஆயில் என்ஜினைப் பிரித்து மாட்டும் ஃபிட்டர் அண்ணாச்சி, டைமிங் கியரின் குறிகளை இரண்டு தரம் பார்த்துத்தான் மூடுவார். “ஒரு பல்லு தள்ளி மாட்டுனா போச்சுல்லா தம்பி” என்பார். அதே கணக்குத்தான் இங்கேயும்.

இன்னொரு பயமும் உண்டு. வல்கனின் 20 மில்லிமீட்டர் தோட்டா ஊசி குத்தி வெடிப்பதில்லை, மின்சாரம் பாய்ந்து வெடிக்கிறது. அதனால் உடம்பிலோ வண்டியிலோ தேங்கும் நிலைமின்சாரமே ஆபத்து. பெட்ரோல் பங்கில் டேங்கர் லாரி சரக்கு இறக்கும் முன் எர்த் ஒயர் மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் ஒயர் வழியாக விமானத்தையும் வண்டியையும் பூமியோடு இணைத்துவிடுவார்கள். பிறகுதான் முதல் தோட்டா நகரும்.