குளியலறைத் தேரைமேல் உப்பைத் தூவாதீர்கள்

கோடையில் குளியலறைச் சுவரிலோ பூந்தொட்டி இடுக்கிலோ ஒட்டிக்கொண்டிருக்கும் தேரை உண்மையில் ஒரு மரத்தவளை. விரல் நுனிகளில் வட்டத் தட்டுகளும் பின்தொடையில் மஞ்சள் புள்ளிகளும் இருக்கும். பகல் முழுக்க அசையாது. செத்துவிட்டதோ என்று துடைப்பத்தால் தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு.

அசையாமல் இருப்பதே அதன் நீர்ச் சிக்கனம். வயிற்றைச் சுவரோடு அழுத்தி, கால்களை உடலுக்கடியில் மடக்கிக் கண்ணை மூடிக்கொண்டால் காற்றுபடும் தோல் குறைகிறது. தோல் சுரக்கும் கொழுப்பு கலந்த கசிவை நான்கு கால்களாலும் முதுகிலும் தலையிலும் பூசிக்கொள்ளும். தென் அமெரிக்காவின் கிரான் சாக்கோ வறள்காட்டு மரத்தவளை பூசும் மெழுகு இதைவிட அழுத்தமானது. நம் தேரையின் பூச்சு நீரிழப்பை மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். அதனால்தான் ஈரம் தேடி வீட்டுக்குள் வருகிறது.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிறு, தொடைப் பகுதியின் மெல்லிய தோலை ஈரத் தரையில் பதித்து உறிஞ்சும். தரையில் ஃபினாயிலோ பிளீச்சிங் பவுடரோ இருந்தால் அதுவும் சேர்ந்தே உள்ளே போகும். உப்பு இதற்கு நேர்மாறு, உடலில் உள்ள நீரை வெளியே இழுத்துக் கொன்றுவிடும்.

பிடித்தவுடன் பீய்ச்சுகிறதே, அது விஷமல்ல. சிறுநீர்ப்பையில் சேர்த்துவைத்து, வறட்சியில் உடலுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளும் நீர். வெயில் காலத்தில் கையால் பிடித்து வெளியே எறிந்தால் சேமிப்பும் போய், நிழலும் போய்விடும்.

அப்புறப்படுத்தியே ஆக வேண்டுமா? பொழுது சாயும்வரை பொறுங்கள். வாயகன்ற டப்பாவைத் தேரைமேல் கவிழ்த்து, அடியில் அட்டையை மெதுவாகச் செருகுங்கள். கைபட நேர்ந்தால் சோப்பு, சானிடைசர், கொசுக் களிம்பு இல்லாத ஈரக் கையாக இருக்கட்டும். பிறகு கையைக் கழுவிவிடுங்கள். தூரத்துக் குளத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். அதே தோட்டத்தில் வாழையடியோ தொட்டிச்செடி நிழலோ போதும். பக்கத்தில் ஒரு தட்டில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் வையுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

குழந்தை மெலிந்தால் ‘தேரை தட்டியது’ என்பார்கள். தேரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மருத்துவரிடம் காட்டுங்கள்.

மழை தொடங்கியதும் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வெள்ளை நுரைக்கட்டி தெரிந்தால் அழுக்கென்று தேய்த்துவிடாதீர்கள். உள்ளே தேரையின் முட்டைகள் இருக்கும். வெளிநுரை காய்ந்து ஓடாகி உள்ஈரத்தைக் காக்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழும். தொட்டியைக் கழுவுவதை அதுவரை தள்ளிப்போடுங்கள். நுரை இலையில் இருந்தால் இலையோடு நறுக்கி, வேறொரு நீர்த்தொட்டிக்கு நேர்மேலே கட்டித் தொங்கவிடலாம்.