தண்ணீருக்குள் வெள்ளியாகும் காற்று

கனடாவில் காம்லூப்ஸ் பக்கம் வேலைக்குப் போயிருக்கும் வாசகர் ஒருவர் ஒரு படத்தோடு கேள்வி அனுப்பியிருந்தார். படத்தில் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே வரிசையாகப் பன்னிரண்டு தூண்டில் முட்கள், ஒவ்வொன்றும் அரிசியைவிடச் சற்றுப் பெரியது. எல்லாவற்றிலும் கறுப்பு நூல் சுற்றி, தலைப்பக்கம் ஒரு மணி கோத்திருக்கிறது. "எல்லாமே ஒரே பூச்சியைப் பார்த்துக் கட்டியவைதானாம். இதில் கையில் வைத்துப் பார்த்தால் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் ஒன்றை ட்ரவுட் சீண்டவே இல்லை. மங்கலாக, சுமாராகத் தெரியும் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கடிக்கிறது. மீனுக்கு ரசனை இல்லையா?" என்று கேட்டிருந்தார்.

மீனின் ரசனையில் குறை இல்லை. அது பார்ப்பது தண்ணீருக்குள். நாம் பார்ப்பது காற்றில். இந்த வித்தியாசம் ஒரு பூச்சியின் தோற்றத்தை எவ்வளவு மாற்றிவிடுகிறது என்பதைத்தான் இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டி எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். முள்ளின் மேல் நூல், இறகு, முடி, மெல்லிய கம்பி எல்லாம் சுற்றிப் பூச்சி போலச் செய்வதுதான் ஃப்ளை. மண்புழு, மாவு உருண்டை எதுவும் கிடையாது. ஃப்ளைக்கு எடையே இல்லாததால் அதை வீச முடியாது. எடையுள்ள தடித்த கயிற்றை வீசுகிறார்கள், ஃப்ளை அதன் பின்னாலேயே போகிறது. இந்த ஃப்ளைகளைக் கையால் கட்டுகிறவர்களிடம் ஓர் அருமையான வழக்கம் உண்டு. பன்னிரண்டு பேர் சேர்ந்தால், ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரே வகையில் பன்னிரண்டு கட்டி, பொறுப்பாளர் ஒருவருக்குத் தபாலில் அனுப்புவார்கள். அவர் கலந்து பிரித்து, ஒவ்வொருவருக்கும் வகைக்கு ஒன்று வருமாறு திருப்பி அனுப்புவார். ஃப்ளையின் பெயர், முள்ளின் அளவு, கட்டியவர் பெயர் எழுதிய துண்டுச்சீட்டு ஒவ்வொன்றின் முள்ளிலும் குத்தியிருக்கும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. ஒரே கேள்விக்குப் பன்னிரண்டு அனுபவசாலிகள் எழுதிய பன்னிரண்டு விடைகள் கையில் இருக்கின்றனவே!

அந்தக் கேள்வி ஒரு பூச்சி. கைரோனோமிட் என்று பெயர், கொசுவுக்கு உறவு, ஆனால் கடிக்காது. நம் ஊரில் ஏரிக்கரைத் தெருவிளக்குகளைச் சுற்றி மாலையில் புகை மாதிரி மொய்க்கும் பூச்சிகளில் பல இந்தக் குடும்பம்தான். இதன் புழுப் பருவத்தையும் பலர் பார்த்திருப்பீர்கள். வண்ணமீன் கடையில் பிளட் வார்ம் என்று விற்கிறார்களே, அதுதான். ஏரியின் அடிச்சேற்றில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு. அங்கே சமாளிக்க இந்தப் புழு உடலில் ஹீமோகுளோபின் வைத்திருக்கிறது, அதனால்தான் அந்த ரத்தச் சிவப்பு. வளர்ந்ததும் சேற்றிலேயே கூட்டுப்புழுவாகிறது. பிறகு ஒரு நாள் சேற்றை விட்டுக் கிளம்பி, மெதுவாக மேலே ஏறி, நீர்ப்பரப்பில் தோலைக் கிழித்துக்கொண்டு பூச்சியாகப் பறந்துவிடும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் உட்பகுதிப் பீடபூமியில், காம்லூப்ஸைச் சுற்றி, இப்படிப்பட்ட ஏரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சத்து நிறைந்த, சற்றுக் காரத்தன்மையுள்ள தண்ணீர், அடியில் மெத்தென்று சேறு. வசந்தத்தில் பனிக்கட்டி உருகிச் சில வாரங்களில் கூட்டுப்புழுக்கள் கூட்டம் கூட்டமாக மேலேறத் தொடங்கும். தங்க்வா ஏரி இதற்கே பேர் போனது. அங்குள்ள ரெயின்போ ட்ரவுட்டுக்கு அது பெருவிருந்து. ஓடித் தப்பிக்கத் தெரியாத, எண்ணி மாளாத இரை, வாயைத் திறந்தபடி நீந்தினாலே போதும்.

சரி, இப்போது என் மனதுக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

கூட்டுப்புழு தானாக மேலேறும் அளவுக்கு நல்ல நீச்சல்காரன் அல்ல. அதற்கு வேறோர் உதவி இருக்கிறது. தோலுக்குள் பூச்சி முழு உருவம் பெற்றதும், உள்ளிருக்கும் பூச்சிக்கும் வெளித்தோலுக்கும் நடுவே மெல்லிய படலமாக வாயு சேர்கிறது. அது உடலை மேலே தூக்குகிறது, தோலைப் பிரித்து வெளியே வரவும் வசதி செய்கிறது. அதே வாயுதான் அந்தக் கறுத்த புழுவை வெள்ளிபோல் மின்னவும் வைக்கிறது. வெள்ளிச் சாயம் எதுவும் அதன் உடலில் இல்லை. வெறும் காற்றுப் படலம்.

நிறமற்ற காற்று எப்படி வெள்ளியாகும்? சேப்பங்கிழங்கு இலை ஒன்றைப் பறித்து, வாளித் தண்ணீருக்குள் சாய்த்து அமுக்கிப் பாருங்கள். பச்சை இலை அந்த நொடியே வெள்ளித் தகடாகிவிடும். வெளியே எடுத்தால் மறுபடி பச்சை, ஈரம்கூட ஒட்டியிருக்காது. இலையின் மேலுள்ள நுண்ணிய மெழுகுக் குமிழ்கள் தண்ணீரை ஒட்டவிடாமல் ஒரு காற்றுப் படலத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. தண்ணீரிலிருந்து வரும் ஒளி அந்தக் காற்றில் நுழையப் பார்க்கிறது. அடர்த்தி மிக்க ஊடகத்திலிருந்து அடர்த்தி குறைந்த ஊடகத்துக்குப் போகும் ஒளி, செங்குத்துக் கோட்டிலிருந்து விலகி வளையும் என்று பள்ளியில் படித்தோம். சாய்வு கூடக் கூட வளைவும் கூடும். தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவே அந்தச் சாய்வு 48.6 பாகையைத் தாண்டிவிட்டால் ஒளிக்கு வெளியேற வழியே கிடையாது. ஒரு துளி விடாமல் அத்தனையும் தண்ணீருக்குள்ளேயே திரும்பிவிடும். இதுதான் முழு அக எதிரொளிப்பு. எந்த முகம்பார்க்கும் கண்ணாடியும் இதற்கு ஈடாகாது. கண்ணாடியின் பின்னாலிருக்கும் உலோகப் பூச்சு கொஞ்சம் ஒளியை விழுங்கிக்கொள்ளும். இங்கே விழுங்க ஒன்றுமே இல்லை.

வீட்டில் ஒரு சோதனைக்குழாய் இருந்தால் இன்னும் தெளிவாகும். காலிக் குழாயை, வாய் மேலே இருக்கும்படி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் சாய்த்துப் பிடித்து மேலிருந்து பாருங்கள். பாதரசம் ஊற்றியதுபோல மின்னும். அப்புறம் குழாய்க்குள் மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஏற ஏற, வெள்ளி கீழிருந்து கரைந்துகொண்டே வரும். காற்று போனது, கண்ணாடியும் போனது. குழந்தைகளுக்கு ஒருமுறை இதைக் காட்டிவிட்டால் அந்த 48.6 பாகை, அதாவது மாறுநிலைக் கோணம், அவர்களுக்கு ஆயுளுக்கும் மறக்காது. பாடப்புத்தகத்தில் அம்புக்குறி போட்ட படமாகவே இதை முடித்துவிடுகிறார்களே என்று எனக்கு வருத்தம் உண்டு.

இந்தக் குழாயைப் பக்கவாட்டில் உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். நடுப்பகுதி அவ்வளவாக மின்னாது, ஒளி அங்கே நேராக விழுவதால் உள்ளே புகுந்துவிடுகிறது. ஓரங்களில் ஒளி சாய்வாக உரசிப் போவதால் அங்கேதான் பளீரென்ற வெள்ளிக்கோடு. கூட்டுப்புழுவும் உருளை வடிவம்தானே. நடுவில் கறுத்த உடல், விளிம்பில் வெள்ளிக்கீற்று, உடல் நெளியும்போது கீற்று இடம் மாறும். ட்ரவுட்டின் கண்ணுக்குப் போய்ச் சேரும் காட்சி இதுதான்.

இப்போது வாசகரின் பளபளப்பான ஃப்ளைக்கு வருவோம். அதன் உடல் முழுக்கத் தடிமனாக ரெசின் பூசியிருக்கிறது. புற ஊதா விளக்கைக் காட்டினால் சில நொடிகளில் இறுகிக் கண்ணாடிபோல் ஆகிவிடும் பசை அது. இதுபோன்ற ரெசினின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. காற்றின் எண் 1, தண்ணீரின் எண் 1.33. இரண்டு பொருள்களின் எண்கள் எவ்வளவு விலகி இருக்கின்றனவோ, அவை சந்திக்கும் இடத்தில் அவ்வளவு ஒளி எதிரொளிக்கும். கணக்குப் போட்டால், காற்றில் நேராக விழும் ஒளியில் 4 சதவீதத்தை ரெசின் திருப்பி அனுப்புகிறது. நம் கண்ணைக் கவரும் மினுமினுப்பு அந்த 4 சதவீதம்தான். அதையே தண்ணீரில் போட்டால் 0.4 சதவீதம்கூடத் தேறாது. மினுமினுப்பில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரைத் தொட்டதும் காணாமல் போகிறது.

மங்கலான ஃப்ளையில் ரெசின் இல்லை. கறுப்பு நூலின் மேல் மெல்லிய வெள்ளிநிறக் கம்பியை இடைவெளி விட்டுச் சுருளாகச் சுற்றியிருக்கிறார்கள். உலோகம் ஒளியை எதிரொளிக்கும் விதமே வேறு, சுற்றிலும் இருப்பது காற்றா தண்ணீரா என்பதைப் பற்றி அது பெரிதாகக் கவலைப்படாது. கையில் சுமாராகத் தெரிந்த அந்தக் கம்பி, கறுப்புப் பின்னணியில் தண்ணீருக்குள் அதே வெள்ளிக்கீற்றாக நிற்கும். அதன் வால்முனையில் இரண்டு சுற்றுச் சிவப்பு நூலும் தெரிகிறது. புழுப் பருவத்து ஹீமோகுளோபினின் மிச்சச் சிவப்பை அப்படிக் காட்டியிருக்கிறார்கள். தலைப்பக்கம் வெள்ளைப் பஞ்சு, கூட்டுப்புழுவின் சுவாசக் குஞ்சத்துக்காக. கட்டியவர் பூச்சியை நன்றாகப் பார்த்தவர்.

ஆகவே இப்படித் தபாலில் பரிமாறிக்கொண்ட ஃப்ளைகளை உள்ளங்கையில் வைத்து மதிப்பிடாதீர்கள். டம்ளர் தண்ணீரில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் வெளிச்சம் காட்டிப் பாருங்கள்.

இப்படிப் பூச்சியிலிருந்து தொடங்கும் பழக்கத்துக்கு நல்ல முன்னோடி ஒருவர் உண்டு. இங்கிலாந்தில் சாமர்செட்டின் பிளாக்டன் ஏரிப் பக்கம் மருத்துவராக இருந்த ஹோவர்ட் பெல். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஏரி ட்ரவுட்டுக்குப் பெரிய பகட்டான ஃப்ளைகளே புழக்கத்தில் இருந்தபோது, அவர் பிடித்த மீன்களின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். அதன்படி சின்னதாக, அடக்கமாகக் கட்டினார். கூட்டுப்புழுவைப் போலச் செய்த ஆரம்பகால ஃப்ளைகளில் அவருடையது முக்கியமானது.

ஃப்ளை சரியாக இருந்தாலும் ஆழம் தவறினால் பயனில்லை. மேலேறப் போகும் கூட்டுப்புழுக்கள் அடிச்சேற்றுக்குச் சற்று மேலேயே நெடுநேரம் தங்குவதால் மீன்களும் அங்கேதான் மேயும். படகை இரண்டு முனையிலும் நங்கூரமிட்டு ஆடாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஃப்ளையில் சின்ன இடுக்கி ஒன்றைக் கவ்வவிட்டு நேரே கீழே இறக்கினால் தரை தட்டும். அதிலிருந்து ஒரு அடி, ஒன்றரை அடி மேலே ஃப்ளை நிற்கிற மாதிரி தங்கூஸ் நரம்பில் தக்கையை மாட்ட வேண்டும். இடுக்கியைக் கழற்றிவிட்டு வீசி, அப்புறம் சும்மா இருக்க வேண்டும். இழுக்கக் கூடாது. காற்றில் தக்கை அசையும் அசைவே போதும். புதியவர்களுக்குக் கஷ்டமான பாடம் இந்தச் சும்மா இருப்பதுதான்.

மாலையில் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து சேரும்போது அதே ஒளியியல் பெரிய அளவில் வேலை செய்கிறது. நீர்ப்பரப்பு என்பதும் தண்ணீரும் காற்றும் சந்திக்கும் இடம்தானே! கீழிருந்து பார்க்கும் மீனுக்குத் தலைக்கு நேர்மேலே வட்டமான ஜன்னல் ஒன்று மட்டும் திறந்திருக்கும். மொத்த வானமும் கரையும் 48.6 பாகையின் இரு மடங்கான 97 பாகைக்குள் சுருங்கித் தெரியும். அதற்கு வெளியே முழுதும் கண்ணாடி, ஏரியின் அடித்தளம்தான் அதில் தெரியும். ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனுக்கு ஜன்னலின் அகலம் சுமார் 2.3 மீட்டர். மேலே வர வர ஜன்னல் சுருங்கிவிடும். அரை மீட்டரில் அது ஒன்றேகால் மீட்டருக்கும் குறைவு. பரப்புக்கு அருகே மேயும் மீனுக்கு ஃப்ளையைத் தலைக்குப் பக்கத்திலேயே போட வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூண்டில்காரர்களிடம் ராசி என்ற பேச்சு எல்லா நாட்டிலும் உண்டு. இந்த ஃப்ளை எனக்கு ராசி, அந்த மணி அவருக்கு ராசி. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ராசியான ஃப்ளையைத்தான் அதிக நேரம் தண்ணீரில் வைத்திருக்கிறார்கள், அதனால் அதில்தான் அதிக மீன் படுகிறது, அதனால் ராசி இன்னும் வலுக்கிறது. வாசகரின் அனுபவத்தையும் இதே கண்டிப்போடு சோதிக்க வேண்டும். மீன் ஃப்ளையைத்தான் தேர்ந்தெடுத்ததா, அல்லது அந்த ஃப்ளை சரியான ஆழத்தில் இருந்ததா? இரண்டு பேர் ஒரே படகில், ஒரே ஆழத்தில், ஆளுக்கொரு ஃப்ளையோடு உட்காருங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஃப்ளைகளைக் கைமாற்றுங்கள், கடித்ததையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். மீன் ஃப்ளையோடு போகிறதா, ஆளோடு போகிறதா என்று சில நாளில் தெரிந்துவிடும்.

இந்தக் கைரோனோமிட்டுகளைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். இவற்றின் புழுக்களுடைய தலைக்கூடு சீக்கிரம் மக்காது, ஏரிச் சேற்றில் அடுக்கடுக்காய்ப் பல்லாயிரம் ஆண்டுகள் அப்படியே கிடக்கும். எந்த இனம் எவ்வளவு குளிரில் வாழும் என்று தெரிந்தால், அந்தத் தலைக்கூடுகளை வைத்தே பழங்காலத்துக் கோடையின் வெப்பநிலையைக் கணிக்க முடிகிறது. ஆனால் அதற்கு முதலில் ஒருவர் நுண்ணோக்கி முன்னால் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து இனம் பிரிக்கப் பழகியிருக்க வேண்டும். அந்த மாதிரி வேலைக்கு நம் நாட்டில் பணம் கேட்டால், இதனால் என்ன லாபம் என்ற கேள்விதான் முதலில் வரும். மீன் வளர்ப்புக்குப் பணம் ஒதுக்குகிறோம், மீனுக்கு இரையாகும் பூச்சிக்கு ஒதுக்கத் தயங்குகிறோம். இது சரியில்லை.

நீலகிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1863-ல் ஃபிரான்சிஸ் டே அங்கே ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. பிறகு ஹென்றி வில்சன் வந்து, 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார். ரெயின்போ ட்ரவுட் அந்த மலைநீரில் நிலைத்தது. வந்த மீனின் வரலாறு ஆண்டுவாரியாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஏரிகளின் சேற்றில் எந்தெந்தக் கைரோனோமிட் இருக்கிறது என்ற பட்டியலும் அதே அக்கறையோடு எழுதப்பட வேண்டும். ஒரு கைவலை, சில புட்டிகள், ஒரு நுண்ணோக்கி, பொறுமையுள்ள இரண்டு மாணவர்கள் இருந்தால் தொடங்கிவிடலாம். ஊட்டியிலும் குன்னூரிலும் இருக்கும் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் இதை எடுத்துச் செய்தால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன்.