டிஃபெண்டர் பெட்டி வைத்திருப்பவர்களே, அந்த மூன்று பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள்

காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் வீடியோ கேம் பெட்டிகளின் போர்டுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். அவற்றில் டிஃபெண்டர் என்ற விளையாட்டின் பெட்டி வைத்திருப்பவர்கள் எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து, சிபியு போர்டில், அதாவது முக்கிய மின்சுற்றுப் பலகையில், இருக்கும் மூன்று பென்சில் பேட்டரிகளை இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

சிகாகோவின் வில்லியம்ஸ் நிறுவனத்துக்காக யூஜின் ஜார்விஸ் குழுவினர் உருவாக்கிய விளையாட்டு இது. 1981இல் ஆர்கேட் கடைகளுக்கு வந்தது. ஒரு ஜாய்ஸ்டிக், ஐந்து பட்டன்கள். இடம், வலம் எந்தப் பக்கமும் பறக்கலாம். திரைக்கு வெளியே நடப்பதை மேலே உள்ள சின்ன ராடார் காட்டும். தரையில் நிற்கும் மனிதரை எதிரிக் கலம் தூக்கிக்கொண்டு போனால், அதைச் சுட்டுவிட்டு, விழுகிறவரை அந்தரத்திலேயே பிடிக்க வேண்டும். அந்த ஒரு நொடிக்காகவே இந்தப் பெட்டிகள் பிழைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பட்டியலும் காசுக்கணக்கும் அழியாமல் இருக்கத்தான் அந்த பேட்டரிகள். மாற்றாமல் விட்டால் கசியும். முதலில் ஹோல்டரின் கம்பிச்சுருளில் வெள்ளைப் பொடி தெரியும். அப்புறம் பக்கத்துச் செம்புப் பாதைகள் பச்சையாகி, பிறகு கருத்துப்போகும். கசிவு, சிப் செருகியிருக்கும் சாக்கெட்டின் உள்ளே இறங்கிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. சிப்பை நெம்பும்போது கால் மட்டும் சாக்கெட்டிலேயே ஒடிந்து நிற்கும்.

பலர் இதை ஆசிட் என்று நினைத்துச் சோடாமாவைப் போடுகிறார்கள். ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். அதற்கு வெள்ளை வினிகர்தான் சரி. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். காய்ச்சி வடித்த நீரில் கழுவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தடவி, நன்றாகக் காயவிடுங்கள். பேட்டரி கட்டாயம் வேண்டுமென்றால் ஹோல்டரை நீளமான ஒயரில் போர்டுக்கு வெளியே, தாழ்வாகப் பொருத்துங்கள். பேட்டரியே தேவைப்படாத மாற்று மெமரி சிப்பும் கிடைக்கிறது. என் வேலைக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன்.

இன்னொன்று. வருடக்கணக்கில் மூடிக் கிடந்த பெட்டியை எடுத்தவுடன் ஸ்விட்ச் போட்டுப் பார்க்காதீர்கள். இதில் 4116 என்ற மெமரி சிப்கள் 24 இருக்கின்றன. அவற்றுக்கு +5, −5, +12 என மூன்று வோல்டேஜ் வேண்டும். −5 மட்டும் வராமல் போனால் மற்ற இரண்டும் சேர்ந்து சிப்களை எரித்துவிடும். போர்டைக் கழற்றிவிட்டு பவர் சப்ளையைத் தனியாக மல்டிமீட்டரில் அளந்த பிறகே இணைக்க வேண்டும். பிக்சர் ட்யூப் பக்கம், பயிற்சி இல்லாதவர்கள் கையே வைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

வீட்டு வடிவங்களின் கதை வேறு. அடாரி 2600 என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்கு 1982இல் வந்த கார்ட்ரிட்ஜில் மலைகள் போய்க் கட்டடங்கள் வந்தன, சுடும்போது நம் கலமே மறைந்து தோன்றும். ஜாய்ஸ்டிக்கில் ஒரே பட்டன் என்பதால், கலத்தைக் கீழே நகரத்துக்குள் இறக்கி அழுத்தினால்தான், திரையில் உள்ள எதிரிகளை ஒரேயடியாக அழிக்கும் ஸ்மார்ட் பாம் வெடிக்கும். குறைகள் உண்டு. ஆனால் அதற்குள் பேட்டரி கிடையாது. தொடுமுனைகளை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் இன்றும் ஓடும்.

கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியில் இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் மட்டும் அதன் பழைய அடாப்டரை நம்பாதீர்கள். அதன் உள்ளே வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் கூடுதலாக வந்து மெமரி சிப்களைக் கொன்றுவிடும். இன்றைக்கு அளந்தால் சரியாகக் காட்டும், நாளைக்கே ஏறலாம். புதிதாகச் செய்த அடாப்டர் ஒன்றை வாங்கிவிட்டு, பழையதை மின்கழிவில் சேர்த்துவிடுங்கள்.