மார்கழி நிழலைப் பார்த்தே சோலார் பேனலுக்கு இடம் குறிக்க வேண்டும்

வீட்டு மாடியில் சோலார் அமைத்தவர்கள் எங்களிடம் கொண்டுவரும் புகார்களில் முதலிடம் பெறுவது, "3 கிலோவாட் போட்டோம், இன்வெர்ட்டரில் 3 என்று ஒருநாளும் காட்டவில்லை" என்பதுதான். பேனலின் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள வாட் அளவு, செல்லின் (வெயிலை மின்சாரமாக்கும் சிறு கட்டத்தின்) வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும் சோதனைக்கூட நிலைக்கு உரியது. நம் ஊர்க் கோடையில் அதே செல் 60 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 விழுக்காடு உற்பத்தி குறையும். இதோடு தூசு, கேபிள், இன்வெர்ட்டர் இழப்புகளும் சேரும். எனவே தெளிந்த நண்பகலில் 2.3 முதல் 2.5 கிலோவாட் வரை காட்டினால் அந்த அமைப்பு நலமாகவே இருக்கிறது. தமிழகத்தில் 1 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். மேகமில்லாத மாசி, பங்குனியிலும் அந்த அளவை எட்டவில்லையென்றால்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

தேடும்போது பெரும்பாலும் அகப்படுவது நிழல். வாடிக்கையாளர்கள் எங்களை அழைப்பது பொதுவாகக் கோடை மின்கட்டணம் வந்த பிறகு, அதாவது சித்திரை, வைகாசியில். அப்போது நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சிக்கு நேராக நிற்பதால், மாடி முழுவதும் வெயிலாகத் தெரியும். சென்னையில் 10 அடி உயரமுள்ள ஒரு தண்ணீர்த் தொட்டியின் நண்பகல் நிழல் ஜூன் மாதத்தில் 2 அடிகூட வராது. அதுவும் தெற்கே விழும். டிசம்பரில் அதே நிழல் 7 அடிக்கு மேல் வடக்கே நீளும். காலையிலும் மாலையிலும் அதைவிட நெடுந்தூரம் படரும். தொட்டிக்கும் மாடிப்படி அறைக்கும் வடக்கே ஒட்டிப் பேனல் வைத்தவர்களுக்குக் கோடையில் குறையே தெரியாது. மார்கழியில்தான் யூனிட் சரியும். வடகிழக்குப் பருவமழையின் மேகத்தின் மீது பழியைப் போட்டுவிட்டுப் பலர் அப்படியே இருந்துவிடுகிறார்கள்.

சிறிய நிழல்தானே என்று விடவும் முடியாது. ஒரு பேனலின் செல்கள் தொடர் இணைப்பில் இருப்பதால், ஒரே ஒரு செல் மறைந்தாலும் அந்த வரிசையின் மின்னோட்டம் முழுவதும் தடைபடுகிறது. அதைச் சுற்றிவிடுவதற்காகப் பேனலுக்கு வழக்கமாக மூன்று பைபாஸ் டையோடுகள் வைத்திருக்கிறார்கள். அவை செயல்படும்போது பேனலில் மூன்றில் ஒரு பங்கு கணக்கிலிருந்து போய்விடும். நிழல் விழுத்தும் டிஷ் ஆன்டெனாவை நான்கடி தள்ளி மாற்றுவது இதற்கு மலிவான மருந்து. மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் உண்டு. அந்தக் கூடுதல் 18,000 ரூபாய்க்காக மூன்றாவது கிலோவாட்டைத் தென்னை நிழலில் பொருத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை.

அடுத்தது தூசு. நம் அட்சரேகைக்குத் தெற்கு நோக்கிய 10 முதல் 13 டிகிரி சாய்வே போதும்; அதைவிடத் தட்டையாக வைத்தால் மழைநீர் வடியாமல், கீழ்ச்சட்டத்தை ஒட்டி ஒரு விரற்கடை அகலத்துக்கு மண் படிந்து இறுகிவிடுகிறது. செல்களைப் பாதியாக வெட்டாமல் முழுதாக வைத்த பழைய வகைப் பேனலை நெடுக்காக நிறுத்தியிருந்தால், அந்தப் பட்டை அடிவரிசைச் செல்கள் அனைத்தையும் மறைத்து, மூன்று டையோடுகளுக்கும் உரிய மூன்று பகுதிகளையும் ஒருசேரப் பாதிக்கும்; குறுக்காகப் படுக்க வைத்திருந்தால் ஒரு பகுதியோடு நின்றுவிடும். கழுவுவதாக இருந்தால் வெயில் ஏறுவதற்கு முன், விடியற்காலையில் கழுவ வேண்டும். உப்பு மிகுந்த போர் தண்ணீரை அப்படியே காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் ஏறும், பிறகு அதைத் தேய்த்து எடுப்பது பெரும்பாடு. ஆகையால் கழுவியதும் ரப்பர் வைப்பரால் நீரை வழித்துவிட வேண்டும். சோப்புத்தூள் வேண்டவே வேண்டாம்.

பேனல் சுத்தமாகவும் நிழலின்றியும் இருந்தும் நண்பகலில் உற்பத்தி திடீரென்று பூஜ்யத்துக்கு இறங்கி, சில நிமிடங்களில் மீண்டும் ஏறினால், குற்றம் மாடியில் இல்லை. மின்வாரிய லைனில் வோல்டேஜ் வரம்பைத் தாண்டும்போது இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். அதன் கைபேசிச் செயலியில் நேரத்துடன் அது பதிவாகியிருக்கும். முதலில் இன்வெர்ட்டருக்கும் மீட்டருக்கும் இடையே உள்ள ஏசி கேபிள் மெலிதாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதில் குறையில்லையென்றால், அந்தப் பதிவை அச்செடுத்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனுவோடு கொடுத்து, ட்ரான்ஸ்ஃபார்மரின் டேப்பை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பை) மாற்றித் தருமாறு கேட்கலாம்.