மணி அடிக்காத நேரத்தில் என்ன ஆகும்?

சில வருடங்களுக்கு முன்பு, மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஓர் ஆப்பைச் சோதிக்கும் வேலை என்னிடம் வந்தது. ஆப் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தேவை ஆவணத்தில் இருந்தது ஒரே வரிதான்: பயனர் குறித்துவைத்த நேரத்தில் போன் ஒலிக்க வேண்டும், திரையில் மருந்தின் பெயர் தெரிய வேண்டும். காலை 8 மணிக்கு வைத்தேன், ஒலித்தது. நள்ளிரவு 12, மாதத்தின் கடைசி நாள், ஒரே நேரத்துக்கு மூன்று மருந்து என்று வைத்துப் பார்த்தேன். எல்லாம் பாஸ். சோதனைகளைக் குறிக்கும் டெஸ்ட் கேஸ் ஷீட் முழுக்கப் பச்சை.

மறுநாள் அந்த டெஸ்ட் போன் சார்ஜ் தீர்ந்து மேஜை இழுப்பறையிலேயே கிடந்துவிட்டது. இரவு 9 மணிக்கு எடுத்து ஆன் செய்தேன். காலை, மதியம், இரவு என மூன்று வேளை நினைவூட்டலும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து விழுந்தன. மூன்றும் ஒரே மருந்து. மூன்றிலும் ஒரே வாசகம்: 'இப்போது எடுத்துக்கொள்ளுங்கள்.'

டெவலப்பர் கவனக்குறைவாக எழுதவில்லை. தவறிப்போன எந்த நினைவூட்டலும் தொலைந்துவிடக் கூடாது என்று அக்கறையோடு எழுதியிருந்தார். ஆனால் எழுபது வயதில், கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு அந்தத் திரையைப் பார்க்கிறவர் என்ன செய்வார்? மூன்று மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொள்ள மாட்டார் என்று யாரால் சொல்ல முடியும்? அது சர்க்கரைக்கான மாத்திரையாக இருந்தால்?

இதைப் பக், அதாவது மென்பொருள் பிழை, என்று பதிவு செய்ய முடியவில்லை. 'எதிர்பார்த்த முடிவு' என்ற கட்டத்தில் எழுத என்னிடம் எதுவும் இல்லை. தேவை ஆவணத்தில் இதைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. அதனால் கேள்வியாகவே கூட்டத்துக்குக் கொண்டுபோனேன்: 'தவறிப்போன வேளையைப் பற்றி நாம் பயனரிடம் என்ன சொல்லப்போகிறோம்?' யாரிடமும் பதில் இல்லை. மருந்தாளுநர் ஒருவரைக் கேட்டோம். நினைவு வந்ததும் போடலாம் என்கிற மருந்தும் உண்டு, அந்த வேளையை விட்டுவிட வேண்டிய மருந்தும் உண்டு, தவறியதற்கு ஈடாகத் தானாகவே சேர்த்துப் போடுவதுதான் ஆபத்து என்றார். கடைசியில் அந்தத் திரையே மாறியது. மூன்று கட்டளைகள் போய் ஒரே அறிவிப்பு வந்தது: எந்தெந்த வேளை தவறியது, சேர்த்துப் போட வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

எழுதிக் கொடுத்தபடி இயங்குவதுதான் தரம் என்று நினைத்து இந்த வேலைக்கு வந்தவன் நான். அப்படியானால் அந்த ஆப் முதல் நாளே தரமானது. எழுதியவர்களுக்குத் தோன்றாத சூழ்நிலையில் பயன்படுத்துபவருக்கு என்ன நேர்கிறது என்பதையும் சேர்த்துத்தான் இப்போது தரம் என்கிறேன். அதைக் கண்டுபிடிக்க ஷீட் உதவாது, கேள்விதான் உதவும்.

கேட்கப்படாத கேள்வியின் விலை என்ன என்பதற்கு நான் புதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. வளைகுடாப் போரில் ஏவுகணைகளை இடைமறிக்க வைத்திருந்த பேட்ரியாட் அமைப்பின் மென்பொருளில், நேரக் கணக்கில் மிகச் சிறிய பிழை ஒன்று இருந்தது. அது நேரத்தை எண்ணிய அலகான விநாடியில் பத்தில் ஒரு பங்கை, 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாது. 24 பிட்டில் (இரும இலக்கத்தில்) வெட்டி எழுதியபோது விட்டுப்போன துளி, அமைப்பு ஓட ஓடச் சேர்ந்துகொண்டே போனது. 8 மணி நேரத்திலேயே குறி விலகுவதை, அந்த அமைப்பைப் பயன்படுத்திய இஸ்ரேல் கண்டு சொன்னது. 1991 பிப்ரவரி 21 அன்று பயன்படுத்துவோருக்கு எச்சரிக்கையும் போனது: மிக நீண்ட நேரம் தொடர்ந்து ஓட்டினால் குறி விலகலாம். 'மிக நீண்ட நேரம்' என்றால் எத்தனை மணி நேரம்? அந்தச் செய்தியில் அது இல்லை. பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் இருந்த அமைப்பு 100 மணி நேரத்துக்கும் மேலாக அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரம் விலகியிருந்தது ஏறத்தாழ 0.34 விநாடிதான். வந்த ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது. 28 வீரர்கள் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது. அணைத்து மறுபடி போட்டிருந்தாலே கடிகாரம் சரியாகியிருக்கும்.

இதைப் படித்த நாளிலிருந்து தேவை ஆவணத்தில் 'வேகமாக', 'நீண்ட', 'வழக்கமாக', 'போதுமான' போன்ற சொற்கள் வந்தால் அடிக்கோடு போடாமல் நான் தாண்டுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கேட்பேன். எண் தர முடியவில்லை என்றால், அந்த இடத்தைப் பற்றி இன்னும் யாரும் யோசிக்கவில்லை என்று பொருள்.

யார் பயன்படுத்துகிறார்கள் என்பதும் அதே அளவு கனமான கேள்வி. தெராக்-25 என்ற கதிரியக்கச் சிகிச்சை இயந்திரம் 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அதில் ஒரு பிழை, இயந்திரத்தை இயக்கிக் கை பழகியவர், விசைப்பலகையில் தவறாக அடித்ததை 8 விநாடிக்குள் திருத்தினால் மட்டுமே வெளிப்பட்டது. மெதுவாக அடித்தவர்களுக்கு அது வரவே இல்லை. புதிதாகப் பார்க்கிறவரைப் போல நிதானமாகச் சோதித்துவிட்டு 'என்னிடம் வரவில்லை' என்று பக்கை மூடும் முன், அந்த 8 விநாடியை நினைத்துக்கொள்வேன்.

எல்லாவற்றையும் சோதிக்க எந்த புராஜெக்டிலும் நேரம் கிடைக்காது. எது உடைந்தால் யாருக்கு எவ்வளவு வலிக்கும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியுமா என்று பார்த்துத்தான் நான் வரிசை போடுவேன். நிறம் மாறிய பட்டனை நாளை திருத்தலாம். விழுங்கிய மாத்திரையைத் திரும்ப எடுக்க முடியாது.

கேட்கும் விதமும் முக்கியம். 'இதை ஏன் யோசிக்கவில்லை?' என்றால் எதிரில் இருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். 'போன் அணைந்திருந்தால் என்ன ஆகும், சேர்ந்து பார்க்கலாமா?' என்றால் அவரே நமக்குத் தோன்றாத இரண்டு சூழ்நிலையைச் சொல்வார். இது என் அனுபவத்தில் அநேகமாகப் பொய்த்ததில்லை.

ரிலீசுக்கு முந்தைய கூட்டத்தில் மேனேஜர் என்னிடம், 'எத்தனை சதவீதம் பாஸ்?' என்றார். சதவீதத்தைச் சொல்லிவிட்டு, பார்க்காததையும் சொன்னேன்: 'வேறு நேர மண்டலத்துக்குப் போகிறவரின் போனில் 8 மணி எந்த ஊர் 8 மணி என்று நான் இன்னும் சோதிக்கவில்லை. இரண்டு நாள் வேண்டும்.' கொடுத்தார்கள். போனின் நேர மண்டலத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். மேற்கே பயணம் செய்பவருக்கு அதே நாளில் 8 மணி நினைவூட்டல் இரண்டு முறை வந்தது. கிழக்கே போகிறவருக்கு ஒரு முறைகூட வரவில்லை.